பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போட்டாச்சு... யுஎஸ்பி வைஃபை மட்டும் எடுக்கலையா? டிரைவர் நிறுவுவது எப்படி? | முழு விளக்கம்

வீட்டு அலமாரியில் தூங்கிக் கொண்டிருந்த பழைய லேப்டாப்பை எடுத்து, தெரிந்த பையன் ஒருவரை வைத்து லினக்ஸ் போட்டாச்சு. சிஸ்டம் வேகமா ஓடுது. ஆனா உள்ளே இருக்கும் வைஃபை கார்டு எப்பவோ போய்விட்டது. சரி என்று ஆன்லைனில் நகம் அளவு யுஎஸ்பி வைஃபை அடாப்டர் ஒன்றை வாங்கிச் செருகினால்... ஒன்றுமே நடக்கவில்லை. வைஃபை பட்டியலில் ஒரு பெயர்கூட வரவில்லை. அடாப்டருடன் வந்த சின்ன சிடியைப் போட லேப்டாப்பில் சிடி டிரைவும் இல்லை. இருந்தாலும் அதில் இருப்பது விண்டோஸுக்கான எக்ஸிஇ ஃபைல்.

சென்னையில் இருந்தால் பக்கத்துக் கடைக்குப் போய்விடலாம். சேத்தியாத்தோப்பு குறுக்கு ரோட்டில் இருந்து சிதம்பரமோ விருத்தாசலமோ பஸ் ஏறிப் போய், லினக்ஸ் தெரிந்த மெக்கானிக்கைத் தேடி, "இது சப்போர்ட் ஆகாதுங்க, விண்டோஸ் போட்டுடலாமா?" என்ற பதிலைக் கேட்டுவிட்டுத் திரும்பி வருவதுதான் பலருக்கும் நடக்கிறது. கவுன்சிலிங் சாய்ஸ் ஃபில்லிங், தேர்வு விண்ணப்பம் என்று கடைசித் தேதி நெருங்கும் நேரத்தில் இது சின்ன விஷயம் இல்லை.

உண்மையில் பெரும்பாலான அடாப்டர்கள் லினக்ஸில் வேலை செய்யும். எந்தச் சிப், எந்தக் கெர்னல் என்ற இரண்டு கேள்விக்குப் பதில் தெரிந்தால் போதும். வீட்டிலேயே எப்படிச் சரி செய்வது? படிப்படியாகப் பார்க்கலாம்.

(குறிப்பு: கட்டளைகளையும் எண்களையும் வாசிக்கும் ஒலியில் தமிழில் தந்துள்ளோம். லேப்டாப்பில் டைப் செய்யும்போது ஆங்கில சிறிய எழுத்துகளில் அடிக்க வேண்டும்.)

ஏன் இப்போது இவ்வளவு பேர் லினக்ஸ் பக்கம் வருகிறார்கள்?

தமிழ்நாட்டில் லினக்ஸ் புதுசு இல்லை. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய மாணவர்களுக்கான விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் எல்காட் மூலம் வாங்கப்பட்ட லேப்டாப்புகளில் விண்டோஸுடன் 'பாஸ்' லினக்ஸும் சேர்ந்தே வந்தது. பாஸ் என்பது மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கி 2007-ல் வெளியிட்ட இந்திய லினக்ஸ். டெபியன் என்ற பிரபல லினக்ஸை அடிப்படையாகக் கொண்டது. தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் பயன்படுத்தலாம். அந்த லேப்டாப் வாங்கிய பலர் பாஸ் லோகோவைப் பார்த்திருப்பார்கள். அதற்குள் போயிருக்க மாட்டார்கள்.

இப்போது நிலைமை மாறிவிட்டது. விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-டன் முடிந்தது. விண்டோஸ் 11 போடலாம் என்றால், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும், ஓரளவு புதிய பிராசசரும் வேண்டும். இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிறகு வந்ததோ இருக்க வேண்டும். 2011, 2012-ல் வாங்கிய லேப்டாப்புகள் இந்தக் கணக்கில் வரவே வராது. வன்பொருள் நன்றாக இருக்கும்போது தூக்கிப் போட மனசு வராதவர்களுக்கு உபுண்டு, லினக்ஸ் மின்ட், டெபியன் போன்றவை நல்ல வழி. காசும் கிடையாது.

டிரைவர் என்றால் என்ன?

சேத்தியாத்தோப்பு மக்களுக்கு இதை ஈஸியா சொல்லலாம். வெள்ளாற்று அணைக்கட்டில் தண்ணி நிற்கிறது. வாய்க்காலும் இருக்கிறது. ஆனா எந்த ஷட்டரை எவ்வளவு தூக்கணும் என்று தெரிந்தவர் வந்து திறந்தால்தான் வயலுக்குத் தண்ணி வரும். அடாப்டருக்கும் சிஸ்டத்துக்கும் நடுவில் அந்த வேலையைச் செய்யும் மென்பொருள்தான் டிரைவர்.

விண்டோஸில் டிரைவரை அடாப்டர் கம்பெனி தரும்; நாம் இன்ஸ்டால் செய்வோம். லினக்ஸில் கணக்கு வேறு. இயங்குதளத்தின் மையமான 'கெர்னல்' உள்ளேயே ஆயிரக்கணக்கான டிரைவர்கள் சேர்ந்து வருகின்றன. உங்கள் அடாப்டரின் டிரைவர் அதில் இருந்தால், செருகியவுடன் வேலை செய்யும். எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம்.

இன்னொரு சொல்லும் அடிக்கடி வரும்: 'ஃபர்ம்வேர்'. இது அடாப்டரின் சிப்புக்குள்ளே ஓடும் குட்டி மென்பொருள். பல அடாப்டர்களில் இதை ஒவ்வொரு முறை செருகும்போதும் சிஸ்டம்தான் சிப்புக்கு அனுப்பி வைக்கும். டிரைவர் இருந்து ஃபர்ம்வேர் இல்லாவிட்டாலும் வைஃபை வராது. வைஃபை வரலைன்னா டிரைவர் இல்லையா, ஃபர்ம்வேர் இல்லையா என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

மவுஸ், பென்டிரைவ் எல்லாம் எடுக்குது, வைஃபை மட்டும் ஏன் மக்கர் பண்ணுது?

மவுஸ், கீபோர்டு, பென்டிரைவ் என ஒவ்வொரு வகைக்கும் பொதுவான தரம் உண்டு. எந்தக் கம்பெனி பென்டிரைவாக இருந்தாலும் ஒரே டிரைவர் போதும். யுஎஸ்பி வைஃபைக்கு அப்படிப் பொதுத் தரம் இல்லை. ரியல்டெக், மீடியாடெக், குவால்காம் ஆதெரோஸ் என ஒவ்வொரு சிப் கம்பெனியும் தன் வழியில் செய்கிறது. சிப் மாறினால் டிரைவரும் மாறும்.

அடுத்த சிக்கல், பெட்டியில் இருக்கும் பெயர். அதை வைத்து உள்ளே என்ன சிப் என்று சொல்ல முடியாது. இதற்குப் பிரபலமான உதாரணம் டிபி-லிங்கின் டிஎல்-டபிள்யுஎன்722என் மாடல். இதன் முதல் பதிப்பில் இருந்தது ஆதெரோஸ் ஏஆர்9271 சிப். லினக்ஸில் செருகியதும் வேலை செய்யும் என்று பெயர் வாங்கியது. இரண்டாம், மூன்றாம் பதிப்புகளில் ரியல்டெக் ஆர்டிஎல்8188இயுஎஸ் சிப்புக்கு மாறிவிட்டது. வெளியே பெயர் அதேதான். உள்ளே முற்றிலும் வேறு பொருள். முதல் பதிப்பைப் பற்றி யாரோ பாராட்டி எழுதியதைப் படித்துவிட்டு மூன்றாம் பதிப்பை வாங்கியவர்கள் குழம்பியது இப்படித்தான்.

அதனால்தான் "என் அடாப்டர் இந்தக் கம்பெனி" என்று சொன்னால் லினக்ஸ் தெரிந்தவர்கள் "சிப் என்ன?" என்று திருப்பிக் கேட்கிறார்கள்.

முதல் வேலை: போன் மூலம் தற்காலிக நெட்

டிரைவர் இறக்க நெட் வேண்டும். நெட் வர டிரைவர் வேண்டும். இந்த முடிச்சை அவிழ்க்க உங்கள் கையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனே போதும்.

1. சார்ஜர் கேபிளால் போனை லேப்டாப்பில் இணையுங்கள். சார்ஜ் மட்டும் ஏறும் மலிவு கேபிள் கூடாது. டேட்டாவும் போகும் கேபிளாக இருக்க வேண்டும்.
2. போன் செட்டிங்ஸில் ஹாட்ஸ்பாட், டெதரிங் பகுதிக்குப் போங்கள்.
3. 'யுஎஸ்பி டெதரிங்' என்பதை ஆன் செய்யுங்கள்.

சில விநாடிகளில் லேப்டாப்பில் வயர் இணைப்பு வந்ததுபோலக் காட்டும். இதற்கான டிரைவர் கெர்னலிலேயே இருப்பதால் தனியாக ஒன்றும் போட வேண்டாம். ஒரே எச்சரிக்கை: சிஸ்டம் தானாகவே பெரிய அப்டேட்டை இறக்க ஆரம்பித்தால் அன்றைய டேட்டா காலி. அப்டேட் மேனேஜர் கேட்டால் இப்போதைக்கு வேண்டாம் என்று மூடிவிடுங்கள்.

அவசரம் என்றால் விண்ணப்பத்தை இந்த டெதரிங் மூலமே முடித்துவிடுங்கள். வைஃபையை அப்புறம் நிதானமாகச் சரி செய்யலாம்.

படி 1: எளிய காரணங்களை முதலில் பாருங்கள்

டிரைவருக்குப் போவதற்கு முன் இந்த நான்கையும் பார்த்துவிடுங்கள்.

* ஏரோபிளேன் மோடு ஆனில் இருக்கிறதா? லேப்டாப்பில் வைஃபையை அணைக்கும் தனி பட்டனோ, எஃப்என் கீயோ அழுத்தப்பட்டிருக்கிறதா?
* வேறு யுஎஸ்பி போர்ட்டில் செருகிப் பார்த்தீர்களா? பழைய லேப்டாப்பில் ஒரு போர்ட் செத்திருப்பது சகஜம்.
* உங்கள் வீட்டு ரவுட்டர் 5 கிகாஹெர்ட்ஸில் மட்டும் ஓடுகிறதா? விலை குறைந்த குட்டி அடாப்டர்கள் பலவும் 2.4 கிகாஹெர்ட்ஸை மட்டும்தான் பார்க்கும். பக்கத்து வீட்டு வைஃபை எல்லாம் தெரிந்து உங்கள் வைஃபை மட்டும் தெரியவில்லை என்றால் பெரும்பாலும் இதுதான் காரணம். இதற்கு டிரைவர் மாற்றிப் பயனில்லை, ரவுட்டரில் 2.4-ஐ ஆன் செய்ய வேண்டும்.
* டெர்மினலைத் திறந்து 'ஆர்எஃப்கில்' என்று அடித்து, ஒரு இடைவெளி விட்டு, 'லிஸ்ட்' என்று அடியுங்கள். வைஃபை எங்கேயாவது தடுக்கப்பட்டிருந்தால் 'பிளாக்ட்: எஸ்' என்று காட்டும். 'சாஃப்ட்' என்றால் சிஸ்டத்தில் தடை, செட்டிங்ஸில் எடுத்துவிடலாம். 'ஹார்ட்' என்றால் லேப்டாப்பின் பட்டனில் தடை.

படி 2: சிப் எது என்று கண்டுபிடியுங்கள்

அடாப்டரைச் செருகிவிட்டு டெர்மினலில் எல், எஸ், யு, எஸ், பி என்ற ஐந்து எழுத்துகளைச் சேர்த்து அடித்து என்டர் தட்டுங்கள். யுஎஸ்பியில் இருக்கும் எல்லாப் பொருள்களும் வரிசையாக வரும். ஒவ்வொரு வரியிலும் 'ஐடி' என்ற சொல்லுக்குப் பிறகு நான்கு எழுத்து, ஒரு முக்காற்புள்ளி, மறுபடி நான்கு எழுத்து இருக்கும். முதல் நான்கு கம்பெனியைக் குறிக்கும். அடுத்த நான்கு பொருளைக் குறிக்கும்.

எந்த வரி அடாப்டருடையது என்று சந்தேகமா? அடாப்டரைக் கழற்றிவிட்டு மறுபடி அதே கட்டளையை அடியுங்கள். காணாமல் போன வரிதான் உங்களுடையது. அந்த ஐடியைப் பேப்பரில் எழுதிக்கொள்ளுங்கள்.

அடிக்கடி பார்க்கக்கூடிய சில ஐடிகள்:

* 0சிஎஃப்3:9271 – ஆதெரோஸ் ஏஆர்9271. கெர்னலில் பல ஆண்டுகளாக இருக்கிறது. செருகினால் போதும்.
* 148எஃப்:7601 – மீடியாடெக் எம்டி7601யு. 2015-ல் வந்த 4.2 கெர்னலில் இருந்தே டிரைவர் உண்டு.
* 0பிடிஏ:8179 – ரியல்டெக் ஆர்டிஎல்8188இயுஎஸ். குட்டி அடாப்டர்கள் பலவற்றில் இருப்பது. டிரைவர் கெர்னலில் உண்டு. ஃபர்ம்வேர் இருக்க வேண்டும்.
* 0பிடிஏ:சி811 – ரியல்டெக் 8811சியு அல்லது 8821சியு வகை. 2023 பிப்ரவரியில் வந்த 6.2 கெர்னல் முதல் டிரைவர் உண்டு.
* 2357:0120, 2357:011இ – டிபி-லிங்க் ஆர்ச்சர் டி2யு வரிசையில் வருபவை. உள்ளே இருப்பது ரியல்டெக் 8811ஏயு, 8821ஏயு குடும்பச் சிப். 2025 மார்ச்சில் வந்த 6.14 கெர்னலில் டிரைவர் உண்டு.
* 0பிடிஏ:1ஏ2பி – இது வைஃபையே இல்லை! அடாப்டர் சிடி வேஷம் போட்டுக்கொண்டு நிற்கிறது. தீர்வு அடுத்து வருகிறது.

அடாப்டர் ஏன் சிடி வேஷம் போடுது?

சிடி டிரைவ் இல்லாத விண்டோஸ் லேப்டாப்புகளுக்காகச் செய்த ஏற்பாடு இது. செருகியதும் அடாப்டர் முதலில் ஒரு சிடியாகத் தன்னைக் காட்டும். அதில் விண்டோஸ் டிரைவர் இருக்கும். அதை இன்ஸ்டால் செய்ததும் வைஃபையாக மாறும். லினக்ஸில் அந்த மாற்றம் சில சமயம் தானாக நடக்காது. ஃபைல் மேனேஜரில் ஒரு டிஸ்க் வந்து நிற்கும், வைஃபை இருக்காது.

அந்த டிஸ்க் மேல் ரைட் கிளிக் செய்து 'எஜெக்ட்' கொடுத்துப் பாருங்கள். பல அடாப்டர்கள் உடனே வைஃபையாக மாறிவிடும். மாறியதும் ஐடியும் மாறும். 0பிடிஏ:1ஏ2பி என்பது 0பிடிஏ:சி811 என்று ஆவது வழக்கம். ஒவ்வொரு முறையும் இப்படிச் செய்ய முடியாது என்றால், 'யுஎஸ்பி மோட்ஸ்விட்ச்' என்ற பொதியை (பெயரில் யுஎஸ்பிக்கும் மோட்ஸ்விட்ச்சுக்கும் நடுவில் ஹைஃபன்) நிறுவினால் அது இந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

படி 3: கெர்னல் எண்ணைப் பாருங்கள்

டெர்மினலில் 'யுநேம்' என்று அடித்து, இடைவெளி விட்டு, ஒரு ஹைஃபனும் ஆர் எழுத்தும் சேர்த்து அடியுங்கள். உங்கள் கெர்னல் எண் வரும்.

இங்கே பலரும் தவறு செய்யும் இடம் ஒன்று உண்டு. கெர்னல் எண்ணில் இருக்கும் புள்ளி, தசமப் புள்ளி இல்லை. 6.8 பெரியதா, 6.14 பெரியதா? கணக்குப் பாடத்தில் 6.8 பெரியது. கெர்னலில் 6.14-தான் புதியது, எட்டுக்குப் பிறகு ஒன்பது, பத்து என்று போய்ப் பதினான்கு.

எந்த லினக்ஸில் எந்தக் கெர்னல்?

* டெபியன் 12: 6.1
* டெபியன் 13: 6.12
* உபுண்டு 24.04, லினக்ஸ் மின்ட் 22: வெளிவந்தபோது 6.8
* உபுண்டு 24.04.3, லினக்ஸ் மின்ட் 22.2: 6.14

ஆக, உங்களிடம் இருப்பது 8821ஏயு சிப், சிஸ்டத்தில் இருப்பது 6.8 கெர்னல் என்றால், தனி டிரைவர் தேடி அலைவதைவிடக் கெர்னலைப் புதுப்பிப்பதே நல்லது. லினக்ஸ் மின்டில் அப்டேட் மேனேஜரைத் திறந்து, 'வியூ' மெனுவில் 'லினக்ஸ் கெர்னல்ஸ்' என்பதற்குப் போனால் கிடைக்கக்கூடிய கெர்னல்கள் பட்டியலாக வரும். புதியதைத் தேர்ந்தெடுத்து இன்ஸ்டால் கொடுத்து ரீஸ்டார்ட் செய்தால் வேலை முடிந்தது. பழைய கெர்னலும் உள்ளேயே இருக்கும்; பிரச்சினை வந்தால் திரும்பிவிடலாம்.

படி 4: டிரைவர் இருக்கு, ஃபர்ம்வேர் இல்லையா?

டி, எம், இ, எஸ், ஜி என்ற எழுத்துகளைச் சேர்த்து, முன்னால் 'சூடோ' போட்டு அடித்தால் கெர்னல் எழுதி வைத்த குறிப்புகள் வரும். அடாப்டரைக் கழற்றிச் செருகிவிட்டு உடனே பார்த்தால் கடைசி வரிகளில் விஷயம் இருக்கும். 'ஃபர்ம்வேர்' என்ற சொல்லுடன் 'ஃபெயில்டு' என்று இருந்தால், டிரைவர் வந்துவிட்டது, ஃபர்ம்வேர் கிடைக்கவில்லை என்று அர்த்தம்.

உபுண்டு, மின்ட் பயனர்கள் 'லினக்ஸ்-ஃபர்ம்வேர்' என்ற பொதியை நிறுவ வேண்டும். பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும். டெபியனில் ரியல்டெக் சிப்புக்கு 'ஃபர்ம்வேர்-ரியல்டெக்' என்ற பொதி வேண்டும்.

டெபியனில் இதற்கு ஒரு பின்னணி உண்டு. மூல நிரல் வெளியிடப்படாத ஃபர்ம்வேரைத் தங்கள் அதிகாரப்பூர்வ இன்ஸ்டாலரில் சேர்ப்பதில்லை என்று டெபியன் பல ஆண்டுகள் உறுதியாக இருந்தது. 2022-ல் உறுப்பினர்களிடம் வாக்கெடுப்பு நடத்தி முடிவை மாற்றியது. 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல் இன்ஸ்டாலரிலேயே ஃபர்ம்வேர் வருகிறது. அதற்கு முந்தைய டெபியனையோ, அதை அடிப்படையாகக் கொண்ட பழைய லினக்ஸ் பதிப்பையோ வைத்திருப்பவர்களுக்குத்தான் இந்தத் தொல்லை அதிகம்.

படி 5: கெர்னலில் இல்லவே இல்லை என்றால்?

வெளியே இருந்து டிரைவர் கொண்டுவர வேண்டியதுதான். இதற்கும் வரிசை உண்டு.

முதலில், உபுண்டுவின் 'அடிஷனல் டிரைவர்ஸ்', மின்டின் 'டிரைவர் மேனேஜர்' ஆகியவற்றைத் திறந்து பாருங்கள். உங்கள் அடாப்டருக்கு ஏதாவது காட்டினால் கிளிக் செய்து முடித்துவிடலாம்.

அடுத்து, சாஃப்ட்வேர் களஞ்சியத்தில் உங்கள் சிப் எண்ணைப் போட்டுத் தேடுங்கள். பெயரின் கடைசியில் 'டிகேஎம்எஸ்' என்று முடியும் பொதி இருந்தால் அதுதான் நமக்கு வேண்டியது. ஆனால் ஓர் எழுத்தைக் கவனியுங்கள். ரியல்டெக் சிப் பெயரின் கடைசியில் 'யு' இருந்தால் யுஎஸ்பி. 'இ' இருந்தால் லேப்டாப்புக்குள் இருக்கும் கார்டு. 8821சியு அடாப்டருக்கு 8821சிஇ டிரைவரைப் போட்டால் ஒரு பயனும் இல்லை.

இரண்டிலும் இல்லை என்றால் மட்டும், மூல நிரலை இறக்கி நம் சிஸ்டத்திலேயே டிரைவரை உருவாக்க வேண்டும். அதற்கு முன் நிறுவ வேண்டியவை: கம்பைலர் உள்ளிட்ட 'பில்டு-எசென்ஷியல்' பொதி, டிகேஎம்எஸ், கிட், உங்கள் கெர்னலுக்குரிய ஹெடர் ஃபைல்கள். ஹெடர் எண்ணும் கெர்னல் எண்ணும் துல்லியமாக ஒன்றாக இருக்க வேண்டும். பாதிப் பேருக்கு இன்ஸ்டால் தோல்வி அடைவது இங்கேதான். பிறகு நிரலை இறக்கி, அந்த ஃபோல்டருக்குள் போய், 'ரீட்மீ' ஃபைலைப் படித்து, அதில் சொன்ன இன்ஸ்டால் கட்டளையை ஓட்ட வேண்டும்.

கவனிக்க வேண்டியது: இந்தக் கட்டளைகள் 'சூடோ' அதிகாரத்துடன் ஓடுபவை. அதாவது உங்கள் சிஸ்டத்தில் எதை வேண்டுமானாலும் மாற்றும் உரிமையை அந்த நிரலுக்குக் கொடுக்கிறீர்கள். ஏதோ ஒரு வீடியோவின் கீழே இருக்கும் லிங்க்கில் இருந்து எடுத்து ஓட்டக் கூடாது. கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது, எந்தக் கெர்னல் வரை ஆதரவு என்று ரீட்மீயில் சொல்லியிருக்கிறார்களா என்று பாருங்கள். பல ஆண்டுகளாகத் தொடப்படாத நிரல் புதிய கெர்னலில் உருவாகவே ஆகாது.

"நேத்து வரைக்கும் வந்துச்சு, அப்டேட் போட்டதும் போச்சு!"

வெளியே இருந்து போட்ட டிரைவர் ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட கெர்னலுக்காக உருவாக்கப்பட்டது. கெர்னல் அப்டேட் ஆனதும் பழைய டிரைவர் செல்லாது. டிகேஎம்எஸ் இல்லாமல் கைமுறையாக நிறுவியவர்களுக்கு வைஃபை திடீரெனக் காணாமல் போவதற்குக் காரணம் இதுதான். டிகேஎம்எஸ் இருந்தால், புதிய கெர்னல் வரும்போதெல்லாம் டிரைவரைத் தானாகவே மறுபடி உருவாக்கிக்கொள்ளும்.

இப்படி மாட்டிக்கொண்டால் பதற வேண்டாம். ரீஸ்டார்ட் செய்து, தொடக்கத்தில் வரும் கிரப் மெனுவில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' உள்ளே போய்ப் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுங்கள். வைஃபை திரும்ப வரும். பிறகு நிதானமாகப் புதிய கெர்னலுக்கு டிரைவரைச் சரி செய்யலாம்.

இதன் மறுபக்கமும் உண்டு. புதிய கெர்னலில் உங்கள் சிப்புக்கு உள்ளேயே டிரைவர் வந்துவிட்டால், முன்பு வெளியே இருந்து போட்டதை நீக்கிவிடுங்கள். ஒரே சிப்புக்கு இரண்டு டிரைவர் இருந்தால் இணைப்பு விட்டு விட்டு வரும். சில சமயம் வரவே வராது.

எல்லாம் சரியா நிறுவியும் வரலையா? செக்யூர் பூட் காரணமா இருக்கலாம்

விண்டோஸ் 8 காலத்தில், அதாவது 2012 முதல் வந்த லேப்டாப்புகளில் 'செக்யூர் பூட்' என்ற பாதுகாப்பு பரவலானது. கையொப்பமிடப்படாத டிரைவரைக் கெர்னலுக்குள் விடாது. நம் வீட்டிலேயே உருவாக்கிய டிரைவருக்கு அந்தக் கையொப்பம் இருக்காது. 'கீ வாஸ் ரிஜெக்டெட் பை சர்வீஸ்' என்ற செய்தி வந்தால் இதுதான் காரணம்.

உபுண்டு, மின்டில் டிகேஎம்எஸ் பொதி நிறுவும்போதே ஒரு பாஸ்வேர்டு வைக்கச் சொல்லும். அதை மறக்காமல் எழுதி வையுங்கள். அடுத்த ரீஸ்டார்ட்டில் நீல நிறத் திரை ஒன்று வரும். பார்த்ததும் பயந்து அணைத்துவிடாதீர்கள். 'என்ரோல் மோக்' என்பதைத் தேர்ந்தெடுத்து, அந்தப் பாஸ்வேர்டைக் கொடுத்தால் உங்கள் டிரைவருக்கு அனுமதி கிடைத்துவிடும். அந்தத் திரையைத் தவறவிட்டால் டிரைவர் இருந்தும் ஓடாது. செக்யூர் பூட்டையே பயாஸில் அணைப்பது இன்னொரு வழி. ஆனால் பாதுகாப்பு குறையும் என்பதால் முதல் வழியே நல்லது. 2011 லேப்டாப் என்றால் இந்தப் பிரச்சினையே இருக்காது.

வைஃபை வருது, ஆனா வேகம் இல்லை

யுஎஸ்பி 3.0 போர்ட்டுகளும் கேபிள்களும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சலை உண்டாக்கும் என்பதை இன்டெல் நிறுவனமே 2012-ல் ஆய்வறிக்கையாக வெளியிட்டிருக்கிறது. நீல நிறப் போர்ட்டில் அடாப்டரைச் செருகி, பக்கத்திலேயே ஹார்டு டிஸ்க்கும் இருந்தால் சிக்னல் அடிவாங்கும். கறுப்பு நிற யுஎஸ்பி 2.0 போர்ட்டுக்கு மாற்றுங்கள். அல்லது ஒரு சின்ன எக்ஸ்டென்ஷன் கேபிள் போட்டு அடாப்டரை லேப்டாப்பில் இருந்து தள்ளி வையுங்கள். குட்டி அடாப்டர்களுக்குள் ஆன்டெனா மிகச் சிறியது என்பதால், அடுத்த அறையில் ரவுட்டர் இருந்தாலே இந்த மாற்றம் நன்றாகத் தெரியும்.

புதுசா வாங்கப் போறீங்களா? இதைப் பாருங்க

* பெட்டியில் 'லினக்ஸ் சப்போர்ட்' என்று இருந்தால் மட்டும் நம்ப வேண்டாம். கீழே பொடி எழுத்தில் எந்தக் கெர்னல் வரை என்று இருக்கிறதா பாருங்கள். பல பெட்டிகளில் பத்து வருடத்துக்கு முந்தைய கெர்னல் எண்தான் இருக்கும்.
* சிப் பெயரைக் கேட்டு வாங்குங்கள். மீடியாடெக் எம்டி7601யு, எம்டி7612யு, எம்டி7921ஏயு ஆகியவற்றுக்கு டிரைவர் கெர்னலிலேயே இருக்கிறது. இதில் கடைசியில் சொன்னது வைஃபை 6 வகை.
* மாடல் பெயருடன் பதிப்பு எண்ணையும் (வி1, வி2, வி3) பாருங்கள். மேலே சொன்ன டிபி-லிங்க் உதாரணத்தை மறக்க வேண்டாம்.
* ஆன்லைனில் வாங்கினால் திருப்பித் தரும் காலம் முடிவதற்குள் லினக்ஸில் சோதித்துவிடுங்கள்.

விண்டோஸ் டிரைவரையே லினக்ஸில் போட முடியாதா?

ஒரு காலத்தில் 'என்டிஐஎஸ்ராப்பர்' என்ற கருவி மூலம் விண்டோஸ் வைஃபை டிரைவரை லினக்ஸில் ஓட்டினார்கள். கெர்னலில் வைஃபை டிரைவர்கள் குறைவாக இருந்த நாள்களில் அது கை கொடுத்தது. இன்று அது காலாவதியான வழி. பழைய பக்கங்களில் யாராவது அதைப் பரிந்துரைத்திருந்தால் தாண்டிப் போங்கள்.

யாரிடம் உதவி கேட்கலாம்?

கட்டற்ற மென்பொருளுக்காகத் தமிழ்நாட்டில் இயங்கும் தன்னார்வக் குழுக்கள் உண்டு. கடலூர் மாவட்டத்துக்குப் பக்கத்திலேயே விழுப்புரத்தில் லினக்ஸ் பயனர் குழு இயங்குகிறது. சென்னையில் இந்திய லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது. தமிழிலேயே படிக்க வேண்டும் என்றால் 2012 முதல் வரும் 'கணியம்' மின்னிதழில் லினக்ஸ் கட்டுரைகள் கிடைக்கும். கேட்கும்போது மூன்று தகவலைச் சேர்த்துச் சொல்லுங்கள்: அடாப்டரின் ஐடி, கெர்னல் எண், எந்த லினக்ஸ், எந்தப் பதிப்பு. "வைஃபை வரலை" என்று மட்டும் சொன்னால் பதில் வர நாளாகும்; இந்த மூன்றும் இருந்தால் சீக்கிரம் வரும்.

கடைசியாக ஒன்று...

பொறியியல் கவுன்சிலிங் 2018-ல் ஆன்லைனுக்கு மாறியதில் இருந்து, பிள்ளைகளின் கல்லூரி வாய்ப்பு சில நாள் அவகாசத்தில் வீட்டுக் கணினியில் முடிவாகிறது. டிரைவர் சோதனையைக் கடைசித் தேதியன்று வைத்துக்கொள்ளாதீர்கள். ஒரு வாரம் முன்பே நிறுவி, இரண்டு மூன்று முறை ரீஸ்டார்ட் செய்து, வைஃபை தானாக வருகிறதா என்று பார்த்துவிடுங்கள். வேலை முடியும் வரை கெர்னல் அப்டேட் போட வேண்டாம். அப்படியும் வரவில்லை என்றால் போன் டெதரிங் இருக்கிறது. அதுவும் முடியாவிட்டால் கவுன்சிலிங்குக்கான அரசு உதவி மையங்கள் இருக்கின்றன.

சுருக்கமாக: ஐடியைப் பாருங்கள், கெர்னல் எண்ணைப் பாருங்கள். டிரைவர் உள்ளே இருந்தால் ஃபர்ம்வேரைச் சரிபாருங்கள். கெர்னல் பழசு என்றால் புதுப்பியுங்கள். கடைசி வழியாக மட்டும் வெளியே இருந்து டிரைவர் போடுங்கள், அதுவும் டிகேஎம்எஸ் உடன். அலமாரியில் தூங்கும் லேப்டாப் இன்னும் சில வருடம் உழைக்கும்!